சார்ட் வந்தா போதுமா? சரியா வரணும்!



பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தான் இருக்கு. பைபிளாட் வைத்து வரைபடம் போடுவதும் பாடத்திலேயே இருக்கு. அதோடு நிற்காமல், ஸ்ட்ரீம்லிட்டில் ஒரு வெப் ஆப் செய்து கண்காட்சியில் வைக்கணும் என்று நினைப்பவர்களும் நம்மிடையே உண்டு. பாராட்டணும்! ஆனால் ஒரு பழக்கம் மட்டும் நல்லதில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் எரர் வந்தால் பதறுகிறோம். எப்படியாவது அது மறைந்து சார்ட் வந்துவிட்டால், "அப்பாடா, முடிஞ்சது!" என்று எழுந்துவிடுகிறோம்.

என் கருத்து இதுதான்: எரர் காட்டும் ஆப்பை நம்பலாம். எரரே காட்டாமல் தப்பான சார்ட்டைக் காட்டும் ஆப்தான் ஆபத்து.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். நம்ம ஊர்ப் பட்டாசு விபத்துகள் எந்தெந்த மாதத்தில் நடந்தன என்று ஒரு சார்ட் போடுவோம். நம் வழக்கப்படி நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம்:

05-09-2012 முதலிப்பட்டி
12-02-2021 அச்சங்குளம்
17-10-2023 ரெங்கபாளையம்
09-05-2024 செங்கமலப்பட்டி
01-07-2025 சின்னகாமன்பட்டி

இதைப் பாண்டாஸிடம் கொடுத்து "தேதியாக மாற்று" என்றால் என்ன ஆகும்? நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும். செப்டம்பரில் நடந்த முதலிப்பட்டி விபத்து மே மாதத்துக்குப் போகும். பிப்ரவரியில் நடந்த அச்சங்குளம் டிசம்பருக்குப் போகும். மே மாதச் செங்கமலப்பட்டி செப்டம்பருக்கும், ஜூலைச் சின்னகாமன்பட்டி ஜனவரிக்கும் தாவும். ஐந்தில் நான்கு தப்பு!

ரெங்கபாளையத்தில் மட்டும் சிக்கிக்கொள்ளும். 17-ஆவது மாதம் என்று ஒன்று கிடையாதே! பாண்டாஸ் பழைய பதிப்புகள் அந்த ஒரு வரியை மட்டும் நாள் முதலில் என்று படித்துவிட்டுப் போய்விடும். 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல் வரியைப் பார்த்து முறையை முடிவு செய்வதால், இங்கே வந்ததும் எரர் காட்டி நின்றுவிடும். அது நமக்குச் செய்யும் உதவி. ஆனால் பலர் என்ன செய்கிறார்கள்? "எரர்ஸ்" என்ற இடத்தில் "கோயர்ஸ்" என்று போட்டு அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள். எரர் போயிடும், சார்ட் வந்துடும். ஆனால் ரெங்கபாளையம் தேதி வெற்றாகி, அந்த விபத்தே சார்ட்டில் இருக்காது!

"ஸ்கூல் பிராஜெக்ட்தானே, யார் பார்க்கப் போறா?" என்று சிலர் கேட்கலாம். விபத்துக்குக் காரணம் கோடை வெயிலா, தீபாவளி நேரத்து அவசரமா என்று டீக்கடையில்கூடப் பேசும் ஊர் இது. ஐந்து விபத்தை வைத்து அதற்கு முடிவு சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் தப்பான மாதத்தில் நிற்கும் ஐந்நூறு விபத்தை வைத்தும் சொல்ல முடியாது. நம்மில் பலருடைய வீட்டிலிருந்து அம்மாவோ அக்காவோ காலையில் பட்டாசு ஆலைக்குத்தான் போகிறார்கள். அந்த சார்ட்டில் ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருவருடைய குடும்பம்.

சரி செய்வது கஷ்டமில்லை:

1. தேதியை மாற்றும்போது "நாள்-மாதம்-ஆண்டு" என்று ஃபார்மேட்டை நாமே எழுதிக் கொடுக்கணும். ஃபைலிலேயே 2012-09-05 என்று ஆண்டை முதலில் எழுதினால் குழப்பமே வராது.

2. விவரம் கிடைக்காத மாதத்தில் சைபர் போடக் கூடாது. "விபத்து இல்லை" என்பது வேறு, "தெரியவில்லை" என்பது வேறு. அந்த இடத்தைக் காலியாகவே விடணும்.

3. ஊர்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் உடனே ஆங்கிலத்துக்கு ஓட வேண்டாம். மேட்பிளாட்லிப்பில் வழக்கமாக வரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது, அவ்வளவுதான். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுக்கலாம். அப்போதும் கொம்பு இடம் மாறி நின்றால் பிளாட்லியில் வரையுங்கள். அது பிரவுசரில் வரைவதால் தமிழ் ஒழுங்காக வரும்.

4. கடைசியாக, ஃபைலில் எத்தனை வரி, சார்ட்டில் எத்தனை புள்ளி என்று எண்ணிப் பாருங்கள். தேதி தெரிந்த இரண்டு விபத்தைத் தேடி, சரியான மாதத்தில் நிற்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். கண்ணால் காணும் சார்ட்டுக்கும் அதுதான்!

கண்காட்சிக்கு ஆப் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் போடும் ஆசிரியர்களுக்கும்தான். சார்ட் அழகா இருக்கா என்று கேட்பதற்கு முன்னால், சரியா இருக்கா என்று கேட்போம்!

சிந்திப்போம்! சரிபார்ப்போம்!