சோஸ் போத்தலுக்குள் இருக்கிற புளி

தம்பிமார், தங்கச்சிமார், ஒரு சொல்லை நாங்கள் கைவிட வேணும்: ஃபியூஷன். விலா எலும்புக்குப் பனங்கட்டியும் பழப்புளியும் பூசி அவணில் வைத்தால் உடனே ஒராள் "ஓ, ஃபியூஷனா?" என்று கேட்பார். அதே ஆள் கடைப் போத்தலைக் கவிழ்த்தால் அது வெறும் பார்பிக்யூ. என்ன நியாயம் இது?

போத்தலைத் திருப்பி லேபிளை வாசியுங்கோ. பல பார்பிக்யூ சோஸ்களில் வூஸ்டர்ஷயர் சோஸ் சேருகிறது. இங்கிலாந்தில் லீ அண்ட் பெரின்ஸ் 1837 முதல் விற்கிற அந்தச் சோஸில் புளி இருக்கு, நெத்தலி இருக்கு, உள்ளி இருக்கு. அம்மம்மாவின் குசினியில் இருந்தால் நாற்றம், போத்தலுக்குள் போனால் ருசியாம்! புளிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரே 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுச் சொல்லில் இருந்து வந்ததுதான்.

"இது வெள்ளையளின்ர சாப்பாடு" என்று முகம் சுழிக்கிற பெரியவர்களுக்கும் ஒரு கேள்வி. எங்கட கறித்தூளில் இருக்கிற மிளகாய் எங்கே இருந்து வந்தது? அமெரிக்கக் கண்டத்தில் இருந்து, போர்த்துக்கேயர் கப்பலில். அதை எங்கடதாக்க ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பண்டிக்கறி காய்ச்சினவர்களும் எங்கட ஆட்கள்தானே. ரொறன்ரோவுக்கோ 'பன்றி நகரம்' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. செயின்ட் லோரன்ஸ் சந்தையில் கடை போட்டுத் தொடங்கிய வில்லியம் டேவிஸின் பன்றி இறைச்சித் தொழில்தான் அதற்குக் காரணம் என்று பலர் சொல்வார்கள்.

சரி, சமைப்போம். விலாவை முதலில் தண்ணீரில் அவிக்காதேங்கோ. ருசியெல்லாம் சிங்குக்குள் போய்விடும். எலும்புப் பக்கத்துச் சவ்வை ஒரு பேப்பர் துண்டால் பிடித்து உரித்து, உப்பும் வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூளும் தடவி, ஃபொயிலில் இறுக்கிச் சுற்றி 275 பாகையில் வையுங்கோ. பக்க விலாவுக்குக் கிட்டத்தட்ட 3 மணித்தியாலம். கனடாவில் பன்றி இறைச்சிக்குப் பாதுகாப்பான உள் வெப்பம் 71 பாகை செல்சியஸ். ஆனால் அந்த இடத்தில் நிறுத்தினால் செருப்பு மாதிரி இருக்கும். 90 தாண்ட வேணும். அப்போதுதான் எலும்பைச் சுற்றியிருக்கிற கடினமான கொலாஜன் ஜெலட்டினாகக் கரையும்.

ஒரு குட்டான் பனங்கட்டியை பழப்புளிக் கரைசல், நசுக்கிய உள்ளி, உப்போடு கரண்டியில் ஒட்டும்வரை காய்ச்சுங்கோ. இதைக் கடைசி 15 அல்லது 20 நிமிஷத்தில் மட்டும், ஃபொயிலைத் திறந்து, வெப்பத்தை 400க்கு ஏற்றி, இரண்டு மூன்று முறை பூசுங்கோ. முதலிலேயே பூசினால் சர்க்கரை கருகிக் கசக்கும். போத்தல் சோஸுக்கும் இதே விதிதான், அதில் சர்க்கரை குறைவில்லை.

பண்டி சாப்பிடாத வீடுகளில் மாட்டு விலாவும் ஆட்டு விலாவும் இருக்கு. நேரம் மட்டும் மாறும். பார்பிக்யூ வைக்க விடாத அப்பார்ட்மென்ட் பல்கனிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அவண் போதும்.

பக்கத்தில் கோல்ஸ்லோவா சம்பலா என்று கேட்காதேங்கோ. எனக்கு இரண்டும் வேணும், தொட்டுத் துடைக்கப் பாணும்.