திங்கட்கிழமை காலை மூன்று இட்லி

போன திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்கு என் அண்ணன் மகள் குர்லா ஸ்டேஷன் பாலத்துப் படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். முன்பின் தெரியாத ஒரு மராத்திக்கார அம்மா தன் டப்பாவில் மிச்சமிருந்த சப்பாத்தியைத் தின்னக் கொடுத்து, தண்ணீர் குடிக்கவைத்து, எனக்குப் போன் போட்டார். செம்பூரிலிருந்து ஓடினேன். பிள்ளைக்கு வயது இருபத்திரண்டு. நோய்நொடி ஒன்றும் கிடையாது. காலையிலிருந்து எலுமிச்சம்பழம் பிழிந்த வெந்நீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "நேத்து ரொம்ப சாப்புட்டுட்டேன் அத்தை. கில்ட்டியா இருந்துச்சு" என்றாள்.

முந்தைய நாள் அவளைச் சாப்பிடக் கூட்டிப்போனவள் நான்தான். மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டிய ராமா நாயக் உடுப்பி போர்டிங். 1942 முதல் மும்பைக்காரர்களின் பசியாற்றும் இடம். வாழையிலையில் பூரி, சாதம், சாம்பார், ரசம், காய், தயிர், பாயசம். பிள்ளை சிரித்துக்கொண்டே இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கினாள். வாரம் முழுக்க ஏ.சி. அறையில் கணினியைப் பார்த்துக் களைத்த முகத்தில் அன்றுதான் வெளிச்சம் பார்த்தேன். அந்த ஒரு கிண்ணம் பாயசத்துக்கு மறுநாள் அவள் கட்டிய அபராதம்தான் குர்லா பாலத்துப் படி.

இது அவளுடைய மூளையில் தானாக முளைத்த யோசனை இல்லை. அவள் போகிற ஜிம்மில் ஒரு பயிற்சியாளர் ஓதிய வேதம் இது. ஞாயிற்றுக்கிழமை 'சீட் டே', திங்கட்கிழமை 'டீடாக்ஸ்'. அதாவது ஞாயிறு திருட்டு, திங்கள் தண்டனை. யாரிடம் எதைத் திருடினாள் என் மருமகள்? உழைத்துச் சம்பாதிக்கிற பெண், அத்தையோடு உட்கார்ந்து ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டது எந்தச் சட்டத்தில் களவு? சோற்றுக்கு 'ஏமாற்று' என்று பெயர் வைத்தவனுக்குச் சோற்றின் அருமையும் தெரியாது, மொழியின் அருமையும் தெரியாது.

இன்று எந்த அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள். திங்கட்கிழமை மதியம் டப்பா திறக்கும்போது பாதிப் பெண்களின் டப்பாவில் வெள்ளரிக்காய்த் துண்டுதான் இருக்கும். "நேத்து கல்யாணத்துல கன்னாபின்னான்னு சாப்புட்டாச்சு" என்று ஒருத்தி சொல்வாள். மற்றவர்கள் துக்கம் விசாரிப்பதுபோலத் தலையாட்டுவார்கள். இந்தக் குற்றவுணர்வு நல்லது, அது இருந்தால்தான் வாய் அடங்கும், உடம்பு இளைக்கும் என்று படித்தவர், படிக்காதவர் எல்லோரும் நம்புகிறார்கள். நான் சொல்கிறேன்: இது பச்சைப் பொய். குற்றவுணர்வு ஒரு கிராம் கொழுப்பைக்கூடக் கரைத்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் அதிகமாகத் தின்ன வைப்பதுதான் அது செய்கிற ஒரே வேலை.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வாழவந்தவர். தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரே அறை வீடு. விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து இட்லி அவிப்பார். பெரியப்பா அலுமினியப் பாத்திரத்தில் அதை அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு விற்கப் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வீட்டில் கறிக்குழம்பு. பெரியம்மா தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு, எலும்பைக் கடித்து, மஜ்ஜையை உறிஞ்சி, இரண்டாவது தடவையும் சோறு வாங்கி, சாயங்காலம் நாலு மணிவரை தூங்குவார்.

மறுநாள், திங்கட்கிழமை காலை, பெரியப்பாவின் சைக்கிள் கிளம்பியபிறகு, கடைசி ஈட்டிலிருந்து மூன்று இட்லி எடுத்துச் சட்னி தொட்டுச் சாப்பிடுவார். செவ்வாய்க்கிழமையும் அதே மூன்று. புதன்கிழமையும் அதே மூன்று. ஞாயிற்றுக்கிழமை கறி தின்றதற்காகத் திங்கட்கிழமை அது இரண்டாகக் குறைந்ததை நான் பார்த்ததில்லை. நாற்பது வருடமாக ஒரே அளவில் ரவிக்கை தைத்துப் போட்ட மனுஷி. ஒருமுறை கேட்டேன். "நேத்துப் பசிக்கு நேத்துத் தின்னாச்சு. இன்னிக்குப் பசிக்கு இன்னிக்குத்தான திங்கணும்?" என்றார். ஊட்டச்சத்து நிபுணர்கள் எழுதிக் குவித்த புத்தகங்களில் இதைவிடச் சரியான ஒரு வாக்கியத்தை நான் படித்ததில்லை.

"அவங்க நாளெல்லாம் உழைச்சாங்க, நாம சேர்ல உட்கார்ந்திருக்கோம்" என்பார்கள். உழைத்தார்தான். உழைக்கத் தெம்பு வேண்டும் என்றுதானே திங்கட்கிழமையும் சாப்பிட்டார்? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் எழுந்து நடக்கவேண்டுமானால் அவளுக்கும் தெம்பு வேண்டும். பட்டினி கிடப்பவளால் குர்லா பாலத்தைக்கூட ஏற முடியவில்லையே!

இந்தக் குற்றவுணர்வுக்குச் சாட்சி சொல்வது எடைபார்க்கும் கருவி. மருமகள் ஞாயிற்றுக்கிழமை காலை 61 கிலோ, திங்கட்கிழமை காலை 62.4. "ஒரே நாள்ல ஒன்றரைக் கிலோ ஏறிட்டேன் அத்தை" என்று அழுதாள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. 1.4 கிலோ கொழுப்பு சேரவேண்டுமானால், அன்றாடத் தேவைக்கு மேல் பத்தாயிரம் கலோரிக்கும் அதிகமாக ஒரே நாளில் அவள் தின்றிருக்கவேண்டும். மாட்டுங்காவில் அப்படி ஓர் இலை எவரும் போடுவதில்லை.

ஏறியது தண்ணீர். சோறும் பூரியும் உடம்புக்குள் கிளைக்கோஜன் என்ற சேமிப்பாகக் கல்லீரலிலும் தசையிலும் தங்குகின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஊறுகாயிலும் அப்பளத்திலும் உள்ள உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடிக்கும். குடலைவிட்டு இன்னும் வெளியேறாத உணவின் எடையும் கூட இருக்கும். வழக்கம்போலச் சாப்பிட்டாலே இரண்டு மூன்று நாளில் அது இறங்கிவிடும். இறங்கியதும் ஜிம் பயிற்சியாளர் "பார்த்தியா, டீடாக்ஸ் வேலை செய்யுது" என்பார். மழை தானாக நின்றதற்குத் தட்சிணை கேட்கும் வேலை இது. உடம்பிலிருந்து கழிவை எடுக்கக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாக வேலை பார்க்கின்றன. அவற்றுக்குப் பட்டினியும் வேண்டாம், பச்சைநிறப் பொடியும் வேண்டாம்.

பட்டினி என்ன செய்யும் என்பதை உலகம் பரிசோதித்தே பார்த்துவிட்டது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்தார். அவர்களுக்குச் சோற்று நினைப்பைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். பட்டினி முடிந்து இஷ்டம்போலச் சாப்பிடலாம் என்றதும், வயிறு முட்டியும் பசி அடங்காமல் தின்றார்கள். பழைய அளவையும் தாண்டிக் கொழுப்பு ஏறியது. மன உறுதி இல்லாதவர்களா அவர்கள்? போருக்குப் போகமாட்டோம் என்று கொள்கைக்காக நின்ற இளைஞர்கள்! அவர்களையே ஆட்டிவைத்த பசி, திங்கட்கிழமை முழுக்க வெந்நீர் குடித்த பெண்ணைச் செவ்வாய்க்கிழமை சும்மா விடுமா?

1975இல் ஹெர்மன், மாக் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள், இல்லாதவர்கள் என இருவகை மாணவிகளிலும் சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு ஐஸ்கிரீமை வைத்து வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். கட்டுப்பாடு ஏதும் இல்லாத மாணவிகள், மில்க்ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களிலோ, மில்க்ஷேக் குடிக்காதவர்களைவிடக் குடித்தவர்கள்தான் அதிகம் தின்றார்கள். விரதம் முறிந்துவிட்டது, இனி எவ்வளவு தின்றால் என்ன என்ற எண்ணம்! முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தான். பெரியம்மாவுக்கு முறிவதற்கு விரதமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி, திங்கட்கிழமை மூன்று இட்லி. அதனால்தான் செவ்வாய்க்கிழமை ராத்திரி யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்யும் நிலைமை அவருக்கு ஒருநாளும் வரவில்லை.

"மனசாட்சி உறுத்தலைன்னா கட்டுப்பாடே போயிடும்" என்று பயமுறுத்துவார்கள். 2007இல் ஆடம்ஸ், லியரி என்ற இருவர் இதையும் சோதித்தார்கள். டோநட் தின்ற பெண்களில் ஒரு பகுதியினரிடம், எல்லோரும் சாப்பிடுவதுதான், இதற்காக உன்னையே நொந்துகொள்ளாதே என்று இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னார்கள். சாப்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் பெண்களில், ஆறுதல் கேட்டவர்கள்தான் அடுத்து வைத்த மிட்டாயைக் குறைவாகத் தின்றார்கள். ஆக, கட்டுப்பாட்டைக் கொடுத்தது ஆறுதல். அதைப் பறித்தது உறுத்தல்.

இதில் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. இந்த உறுத்தல் ஏன் பெண்களையே தேடிப்போகிறது? அன்று எங்களோடு அதே பந்தியில் என் அண்ணனும் உட்கார்ந்தான், மூன்று தடவை பாயசம் வாங்கினான். மறுநாள் வழக்கம்போல டிபன் சாப்பிட்டுவிட்டுத் தொப்பையைத் தடவிக்கொண்டே வேலைக்குப் போனான். அவன் தொப்பைக்கு நம் வீடுகளில் 'வசதி' என்று பெயர். பெண்ணுக்கு இரண்டு கிலோ கூடினால் "இப்படியே போனா மாப்பிள்ளை கிடைக்காது" என்று சொந்தக்காரர்கள் கூடி மாரடிப்பார்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் 'ஒல்லியான' என்று கூச்சமில்லாமல் எழுதுகிறவர்கள்தான் இந்தப் பிள்ளைகளின் திங்கட்கிழமைத் தட்டைக் காலியாக்குகிறார்கள்.

இந்த நாட்டில் அது எப்பேர்ப்பட்ட கொடுமை தெரியுமா? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 24 பேர் அதிக எடை. அதே கணக்கில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 19 பேர் இருக்கவேண்டிய எடைகூட இல்லாதவர்கள். நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தம் போதாத நாட்டில், சாப்பிட்டதற்காக ஒரு பெண்ணை வெட்கப்படச் சொல்கிறவன் அவளுக்கு நன்மை செய்கிறவன் இல்லை.

விரதத்தை இந்தப் பட்டினிக்குச் சாட்சியாக இழுப்பவர்களும் உண்டு. "நம்ம முன்னோர்களும் பட்டினி கிடந்தாங்களே!" கிடந்தார்கள். கந்த சஷ்டிக்கு விரதமிருந்து திருச்செம்பூர் முருகன் கோயில் படியேறும் அம்மாக்களை நான் வருடாவருடம் பார்க்கிறேன். அவர்கள் முகத்தில் பக்தி இருக்கிறது, நிறைவு இருக்கிறது. தான் தின்ற சோற்றின்மேல் அருவருப்பு இல்லை. ரமலான் நோன்பிருக்கும் தாராவிப் பிள்ளைகளின் முகத்திலும் அதைக் கண்டதில்லை. அந்த விரதங்கள் கடவுளுக்கு. எடைக்கருவிக்கு முன்னால் மண்டியிடும் இந்தப் பட்டினிக்கு அவற்றின் பெயரைச் சூட்டுவது விரதத்துக்கே அவமானம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த ஊரில் என்ன என்பதை யோசித்துப் பாருங்கள். ஆறு நாளும் விடிந்தும் விடியாமலும் ஓட்டம். ஹார்பர் லைனில் தொங்கல், குர்லாவில் நெரிசல், பஸ்ஸுக்கு வரிசை. வீடு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும். குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவது வாரத்தில் அந்த ஒரு மதியம்தான். எடை கூடுவதற்கு அந்த ஒரு மதியம்தான் காரணமாம்! பதினோரு மணிநேரம் நாற்காலியில் கட்டிப்போடும் வேலைக்குப் பொறுப்பில்லை. நடக்க விடாமல் பைக்கும் கடையும் அடைத்துக்கொண்ட நடைபாதைக்குப் பொறுப்பில்லை. மாட்டுங்காவில் ஐந்து தோட்டம் இருக்கிறது, காலையில் நடக்கலாம். தாராவிச் சந்துக்குள் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டும். அங்கே வாழும் பெண் எங்கே நடப்பாள்? இதையெல்லாம் கேட்கத் துணிவில்லாதவர்கள் ஒரு கிண்ணம் பாயசத்தைக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

எடை குறையவேண்டுமா? குறையட்டும். 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லியிருக்கிறது. அலட்சியமாக இருக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் எடையைத் தீர்மானிப்பது திங்கள் முதல் சனி வரையிலான அன்றாடம். டீயில் எத்தனை சர்க்கரை, சாயங்காலம் எத்தனை வடாபாவ், ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு, எவ்வளவு நேரம் தூக்கம், எவ்வளவு தூரம் நடை. அந்த அன்றாடத்தைத்தான் பட்டினி முதலில் உடைக்கிறது. திங்களைப் பட்டினிக்குக் கொடுத்தால் செவ்வாய் வெறிக்குப் போகும், புதன் வெட்கத்துக்குப் போகும், வாரமே கைவிட்டுப் போகும். மூன்று இட்லி அந்த வாரத்தைக் காப்பாற்றும்.

குர்லாவிலிருந்து அவளை ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மறுநாள் காலை மூன்று இட்லி வைத்தேன். "வேண்டாம் அத்தை" என்றாள். பெரியம்மாவின் கதையைச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள், ஆனால் மூன்றையும் சாப்பிட்டாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருப்பாள். திங்கட்கிழமை காலை "எனக்குப் பசிக்கலை" என்று தட்டைத் தள்ளுவாள். நம்பாதீர்கள். திட்டாதீர்கள். எடை எவ்வளவு என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நேற்றுச் சாப்பிட்டது தப்பில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, மூன்று இட்லி வையுங்கள்.