கடன் ரத்து தர்மமல்ல, உரிமை!

ஆம்பூர் தோல் தொழிலாளிக்கும் குடியாத்தம் பீடித் தொழிலாளிக்கும் கடனைப் பற்றிப் பாடம் தேவையில்லை. வட்டி கட்டியே ஆயுள் தேய்கிறது. அசல் அப்படியே நிற்கிறது. ஏழை நாடுகளின் கதியும் இதுதான்!

ஐம்பதாம் ஆண்டில் அடிமைக்கு விடுதலை என்கிறது பைபிள். வட்டியை விலக்குகிறது குர்ஆன். 1998-ல் பர்மிங்ஹாமில் பணக்கார நாடுகளின் தலைவர்கள் கூடியபோது, சர்ச்சுகள் முன்னின்ற இயக்கத்தில் சுமார் 70,000 பேர் கைகோத்து நின்றனர்: "ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்!" 2025 ஜூபிலி ஆண்டுக்காகப் போப் பிரான்சிஸும் இதையே கோரினார். நியாயமான குரல், ஆதரிப்போம்.

ஆனால் தலைவர்கள் செய்ததென்ன? 1999-ல் ஒரு பகுதியைத் தள்ள இசைந்தார்கள். அதற்கும் சர்வதேச நிதி நிறுவனத்தின் நிபந்தனைகள்!

2022-ல் இலங்கை கைவிரித்தது. 2023-ல் அரசுக் கடன்பத்திரங்களின் வட்டிக் குறைப்பு தொழிலாளரின் சேமலாப நிதி மீது விழுந்தது. அதே பத்திரங்களை வைத்திருந்த வங்கிகளுக்கோ விலக்கு!

1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் முன்பணக் கடனைத் தர்மமாக அல்ல, சட்டமாகவே ரத்து செய்தது. நாடுகளுக்கும் அத்தகைய சட்டம் வேண்டும். ஆயினும், சட்டம் வந்த பின்னும் கொத்தடிமைகள் இருந்ததை நாம் அறிவோம். கோயிலில், மசூதியில், சர்ச்சில் எழும் குரலோடு சங்கத்தின் பலமும் சேரட்டும்!