கண்ணாடி வாங்க முன் டிரைவரைப் பாருங்க

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையொன்று போன கிழமை வந்து, “சேர், லெப்டொப்ப பார்த்தா கண் எரியுது, தலையிடிக்குது” என்றாள். பழைய லெப்டொப், லினக்ஸ் மின்ட் போட்டது. “கண்ணாடி போடணும்” என்று வீட்டில் ஒருவர். “லினக்ஸ கழட்டிட்டு விண்டோஸ் போடு” என்று கலகெதர டவுனில் இன்னொருவர். இரண்டு பேருமே லெப்டொப்பைத் திறந்து பார்க்கவில்லை.

மெனுவில் ‘சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்’ திறந்து கிராஃபிக்ஸ் விபரத்தைப் படித்தோம். இன்டெல் கிராஃபிக்ஸ் இருக்கிறது, அதன் டிரைவர் ஓடவில்லை. ரெண்டரர் என்ற இடத்தில் ‘எல்எல்விஎம்பைப்’. அதாவது படம் வரையும் வேலையையும் சிபியுவே இழுக்கிறது. 1366×768 திரை 1024×768இல் நிற்கிறது, எழுத்தெல்லாம் மங்கல். வெளிச்சத்தைக் குறைக்கவும் முடியவில்லை. இன்ஸ்டோல் பண்ணும்போது போட்ட ‘நோமோட்செட்’ என்ற ஒற்றைச் சொல் பூட் அமைப்பில் அப்படியே தங்கியிருந்ததுதான் காரணம். அதை எடுத்தோம், திரை தெளிந்தது, வெளிச்சமும் சொன்னபடி கேட்டது.

பெற்றோரே, பிள்ளைகளே, “ஸ்கிரீன் சரியில்ல” என்று மட்டும் சொன்னால் உதவ வருபவர் ஊகிக்கத்தான் முடியும். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, கேர்னல், கிராஃபிக்ஸ், டிரைவர், ரெசலூஷன், ரிஃப்ரெஷ் ரேட் எல்லாவற்றையும் கொப்பி பண்ணி அனுப்புங்க. இரவிலா பகலிலா, எவ்வளவு நேரத்தில் கண் எரியுது என்பதையும் எழுதுங்க.

ஹந்தான மலையின் பெயரில் ஒரு லினக்ஸையே உருவாக்கியவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். உதவிக்கு ஆள் உண்டு, விபரம்தான் இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் எரிந்தால், கண் டொக்டரிடம் போங்க.