பளபளக்கும் குழாயும் மறைந்திருக்கும் வால்வும்



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை, ஹாஸ்டல் சாம்பார் ஜோக்கு, "நாளைய பாரதம்" கட்டுரை என்று எழுதுவது நம் வழக்கம். நான் தண்ணீர்க் குழாயைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம். குடம் எடுத்து வரிசையில் நின்றவன் எவனும் தண்ணீர் விஷயத்தில் சிரிக்க மாட்டான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பைப் லைன் போடும்போது கண்ணுக்குத் தெரிகிற குழாய்க்குக் காசைக் கொட்டுகிறோம். சுவருக்குள் போகிற வால்வுக்கும் இணைப்புக்கும் பத்து ரூபாய் கணக்குப் பார்க்கிறோம். இது தலைகீழ்! இதைத் திருத்த வேண்டியவர்கள் டிப்ளமா படிக்கும் நாம்தான்.

முதலில் நம் ஊர்த் தண்ணீரைப் பார்ப்போம். வேலம்பாளையத்தில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பவானித் தண்ணீர் திருப்பூருக்குப் போதவில்லை. அதனால் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரியைக் கொண்டு வந்தார்கள். நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் மூலம் 2005-ல் ஓடத் தொடங்கிய அந்தத் திட்டத்தின் திறன் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர். தொழிற்சாலைக்கும் ஊருக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் சேர்த்து அந்தக் கணக்கு. 2011-ல் வேலம்பாளையம் நகராட்சி திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆனாலும் நல்ல தண்ணி முறை வைத்துத்தான் வருகிறது.

போர் தண்ணீர் கதை வேறு. சாயத்தோடு சேர்ந்து போன உப்பு பல வருஷம் நொய்யலிலும் நிலத்திலும் இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன செய்தி நம் வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. பட்டறைக்குப் பூட்டுப் போடலாம். மண்ணுக்குள் இறங்கிய உப்பை யார் பூட்டுவது? குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்கிறது ஐ.எஸ். 10500. உங்கள் வீட்டுப் போர் தண்ணீரை ஒரு டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள், புரியும்.

இதை ஏன் சொல்கிறேன்? வால்வு வாங்கும் முன் எந்தத் தண்ணீருக்கு என்று கேட்க வேண்டும். அதைத்தான் யாரும் கேட்பதில்லை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஜி.ஐ. பைப்பில் பித்தளை வால்வை நேராக மாட்டினால் அந்த மூட்டு ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்து, பித்தளையை விட்டுவிட்டு இரும்பு கரைகிறது. மட்டமான பித்தளையாக இருந்தால் அதிலுள்ள துத்தநாகமும் மெல்ல வெளியேறி, வால்வு வெளியே நன்றாகவும் உள்ளே பஞ்சாகவும் ஆகிவிடும். அதனால் உப்புத் தண்ணி லைனுக்கு யு.பி.வி.சி. பைப்பும் பிளாஸ்டிக் பால் வால்வும் போதும். உலோகம்தான் வேண்டுமென்றால் துத்தநாகம் குறைந்த கன்மெட்டல் வாங்கலாம். வெயிலில் நிற்கும் பிளாஸ்டிக்கை மட்டும் மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நொறுங்கும்.

அடுத்து, எந்த இடத்துக்கு எந்த வால்வு? கேட் வால்வு முழுக்கத் திறக்கவும் முழுக்க மூடவும் ஆனது. பாதி திறந்து வைத்தால் உள்ளே உள்ள தகடு ஆடி ஆடித் தேயும். பால் வால்வு கால் திருப்பில் மூடும், கைப்பிடியைப் பார்த்தாலே திறந்திருக்கா மூடியிருக்கா என்று தெரியும். வீட்டு லைனுக்கு என் ஓட்டு பால் வால்வுக்கே. ஆனால் கடையில் அதன் துளைக்குள் பார்த்து வாங்குங்கள். முக்கால் இஞ்ச் என்று எழுதியிருக்கும், உள்ளே துளை அரை இஞ்ச் கூட இருக்காது. மாடித் தொட்டியிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம்தான் கிடைக்கும். நம் வீடுகளில் தொட்டி 4, 5 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இருக்கிற பாதி அழுத்தத்தையும் சின்னத் துளையில் தொலைத்துவிட்டு, "புதுக் குழாயில் தண்ணி நூலாட்டம் வருது" என்று குழாயைத் திட்டி என்ன பயன்?

தண்ணீரைக் கொஞ்சமாக விட, அளவாக விட, திருகி மூடும் ஸ்டாப் காக்தான் சரி. வாஷ் பேசினுக்கும் கக்கூஸ் தொட்டிக்கும் அடியில் ஆளுக்கொரு ஆங்கிள் காக் கட்டாயம். நல்ல தண்ணி லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வையுங்கள். முறைத் தண்ணீர் நின்றதும் ரோட்டுப் பைப் காலியாகி உறிஞ்சும். அப்போது நம் வீட்டு அழுக்குத் தண்ணீர் ஊருக்குள் போகக்கூடாது அல்லவா?

இணைப்புக்கு வருவோம். அரை இஞ்ச் குழாயின் மரையை வெர்னியரில் அளந்து பாருங்கள். வெளி விட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் வரும்! அரை இஞ்ச் என்பது பைப்பின் பெயர், மரையின் அளவல்ல. இஞ்சுக்கு 14 மரை, 55 டிகிரி. அமெரிக்க மரைக்கும் அரை இஞ்சில் 14 தான், ஆனால் கோணம் 60. இரண்டு சுற்று ஏறும், பிறகு கடிக்கும். "ஏத்துடா, இறுகும்" என்று ரிஞ்சைப் போட்டு அழுத்துவதால்தான் மரை போகிறது. இரும்பு நிப்பிளை வெறும் பிளாஸ்டிக் எல்போவுக்குள் இறுக்கினால் அது ஆப்பு மாதிரி பிளக்கும். குழாய் மாட்டும் இடத்தில் உள்ளே பித்தளை வைத்த எல்போதான் போட வேண்டும். ரப்பர் வாஷர் உள்ள கனெக்ஷன் பைப்புக்கு டெஃப்லான் தேவையே இல்லை. கையால் இறுக்கி, ரிஞ்சில் கால் சுற்று கொடுத்தால் முடிந்தது. சி.பி.வி.சி.க்கு அதற்கான பசை, யு.பி.வி.சி.க்கு அதற்கான பசை. ஒரே டப்பாவில் இரண்டையும் ஒட்டுவது ஏமாற்று வேலை.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி. நாளைக்கு 86,400 நொடி. ஆக நாளைக்கு 4 லிட்டருக்கு மேல், மாதம் சுமார் 130 லிட்டர். காரணம், சில ரூபாய் வாஷர்!

இன்னொரு கணக்கு என் வீட்டுடையது. நாங்கள் இருப்பது எட்டு வீடு உள்ள லைன் வீடு. எட்டுக்கும் சேர்த்து ஒரே கேட் வால்வு. ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் எட்டு வீட்டுக்கும் தண்ணீர் நிற்கும். அந்த வால்வும் துருவேறி முழுக்க மூடாது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் என் அம்மா, போன வருஷம் தண்ணி வந்த ஒரு நாளில் இந்த ரகளையால் ஷிப்டுக்குப் போகவில்லை. ஒரு நாள் சம்பளம் போச்சு. வீட்டுக்கு ஒரு பால் வால்வு போட்டிருந்தால் அந்தச் சம்பளத்தில் பாதி கூட ஆகியிருக்காது. ஓனரிடம் கேட்டதற்கு, "வாசல்ல புதுக் குழாய் மாட்டித் தந்திருக்கறனே, அது போதாதா?" என்றார். பளபளப்பான குழாய்தான், மறுக்கவில்லை! வாடகைக்கு வருகிறவர்கள் குழாயைப் பார்த்துத்தான் வீடு பிடிக்கிறார்கள். வால்வைப் பார்த்துப் பிடிக்க நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கடைசியாக, மனசில் கிடக்கும் ஒன்று. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு நிப்பிள் மாட்டிக் கொடுத்தால் உடனே, "ஏங்கண்ணு, டிப்ளமா படிச்சுப்போட்டு பைப்பு மாட்டவா போற?" என்கிறார்கள். அன்பில் கேட்பதுதான், ஆனாலும் சுடும். நண்பர்களே, ஒர்க்ஷாப்பில் டையைப் பிடித்து மரை போட்டபோது கௌரவமாக இருந்த வேலை, தெருவில் செய்தால் எப்படி மட்டமாகும்? பிளம்பர் அண்ணன்மார் கைப்பழக்கத்தில் நம் எல்லோருக்கும் வாத்தியார்கள். ஏன் உடைகிறது என்ற காரணம் நம் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வீட்டுக்குள் தண்ணீர் ஒழுங்காக வரும்.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலம்பாளையத்தில் ஒரு தெருவை எடுப்போம். சிவில், மெக்கானிக்கல் என்று பிரிவு பாராமல், ஒரு பிளம்பர் அண்ணனை முன்னால் வைத்துக்கொண்டு, வாஷர் மாற்றுவோம், துருப்பிடித்த வால்வைக் கணக்கெடுப்போம், எந்தத் தண்ணீருக்கு எது வாங்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். ஆளுக்கு இருபது ரூபாய் போட்டால் வாஷர் செலவு தீர்ந்தது. பேரணி, பேனர் செலவை விட இது குறைவுதான்.

முதல் தெருவாக எங்கள் தெருவையே எடுங்கள் என்று கேட்க மாட்டேன். எடுத்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்!

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை