கணக்கு கற்ற பிள்ளைகளைத் தடுக்கலாமா?

 

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில் ஒருநாள், மஃரிப் தொழுகைக்குப் பின், திருவண்ணாமலையில் கடை நடத்தும் சகோதரர் ஒருவர் தம் மகனுடன் நம்மிடம் வந்தார். மகன் வணிகவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தான். "பி.காம். படிச்சா பேங்க் வேலைக்குத்தானே போவான், ஹஜ்ரத்? அது வட்டிதானே! அதுக்குக் கடையிலேயே உட்காரட்டுமே" என்றார். மகன் தலைகுனிந்து நின்றான்.

வட்டிக்கு அஞ்சும் அந்த உள்ளத்தை நாம் மதிக்கிறோம். வட்டியை உண்பவரையும் கொடுப்பவரையும் மட்டுமன்றி, அதனை எழுதுபவரையும் அதற்குச் சாட்சி நிற்பவர்களையும் நபி (ஸல்) அவர்கள் சபித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆனால் அந்த எச்சரிக்கை ஒரு செயலைப் பற்றியது. ஒரு கல்வியைப் பற்றியது அன்று. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதே. நீதியுடன் எழுதும் எழுத்தர் வேண்டும் என்று பணிக்கும் மார்க்கம், கணக்கெழுதக் கற்பதை எவ்வாறு தடுக்கும்?

இதில் நம்மைப் போன்ற ஆசிரியர்களின் குறையும் உண்டு. எது ஹராம் என்று மிம்பரில் உரக்கச் சொன்னோம். அதற்கு மாற்று எது என்று சொல்லாமல் விட்டோம்.

நம் சமுதாயத்தின் தேவையை எண்ணிப் பாருங்கள். பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டத்தோடு வியாபாரம் ஏறி இறங்கும் ஊர் இது. ஜகாத் கணக்கிட ரமளானில் நம்மிடம் வரும் வியாபாரிகளிடம் கடைச் சரக்கின் இன்றைய மதிப்பு, வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் ஆகியவற்றைக் கேட்டால், பலரிடம் பதில் இருப்பதில்லை, ஏடே இல்லை. இரண்டரை விழுக்காடு என்ற சட்டம் நமக்குத் தெரியும். எந்தத் தொகைக்கு இரண்டரை விழுக்காடு என்று சொல்ல, கணக்கறிந்தவர் வேண்டும்.

பாகப்பிரிவினையும் அவ்வாறே. ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன், இரு மகள்களை மட்டும் விட்டு இறந்தால், சொத்தை 96 பங்காக்கி மனைவிக்கு 12, தாய்க்கு 16, மகனுக்கு 34, மகள்களுக்குத் தலா 17 என்று பிரிக்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இயற்கணிதத்திற்கு அடித்தளமிட்ட அல்குவாரிஸ்மீ, தம் நூலின் பெரும்பகுதியை இத்தகைய கணக்குகளுக்கே ஒதுக்கினார். இன்றோ பெண் மக்களின் பங்கு பல வீடுகளில் மறைந்துபோகிறது. வக்ஃபுச் சொத்துகளின் கணக்கை முதவல்லிகள் ஆண்டுதோறும் வாரியத்திற்கு ஒப்படைக்க வேண்டும். அதற்கும் ஆள் தேடி அலைகிறோம்.

பாதைகள் குறைவல்ல. பிளஸ் டூ முடித்தவர் பட்டயக் கணக்காளர் படிப்பின் அடிப்படைத் தேர்வை எழுதலாம். 55 விழுக்காடு பெற்ற வணிகவியல் பட்டதாரி நேரடியாக இடைநிலைக்குச் செல்லலாம். 2023இல் வந்த புதிய திட்டப்படி பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டுகளே; பயிற்சியின்போது உதவித்தொகையும் உண்டு. வரி, ஜி.எஸ்.டி., தணிக்கை எனப் பணிகள் பல. அவற்றிலும் வட்டிப் பதிவுகள் எதிர்ப்படும் என்பதை நாம் மறைக்கவில்லை. எந்தப் பணியை ஏற்பது, எதனை விடுவது என்பதில் உலமாக்களிடம் கேட்டு நடக்கட்டும். கேட்பதற்கும் முதலில் கற்றிருக்க வேண்டுமல்லவா?

கணிதம் கற்றோருக்கும் வழி உண்டு. பி.எஸ்சி. முடித்த மகள் ஈராண்டு பி.எட். படித்து ஆசிரியையாகலாம், எம்.சி.ஏ. பயிலலாம், சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் தரவு அறிவியல் பயில முயலலாம். திருமணப் பேச்சு வந்ததும் அவளுடைய படிப்பை நிறுத்தும் பெற்றோர், நம் பெண் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்க நாளை யார் வருவார் என்று சிந்திக்கட்டும்.

கடையில் அமர்வது இழிவு என்று நாம் கூறவில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் துணி வணிகரே. மார்க்கச் சட்டம் அறியாதவர் நம் சந்தையில் வியாபாரம் செய்ய வேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் எச்சரித்ததாகத் திர்மிதீயில் வருகிறது. அறிவோடு அமரும் கல்லா வேறு, அறிவை மறுத்து அமர்த்தும் கல்லா வேறு. வணிகத்தில் ஈட்டிய செல்வத்தால்தான் நம் முன்னோர் கல்லூரிகள் எழுப்பினர். 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1965இல் தொடங்கிய மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியும் நமக்கு அருகிலேயே உள்ளன. நம் ஊரில் அரசு கலைக் கல்லூரியும் இருக்கிறது.

அந்தச் சகோதரரிடம் ஒன்றே கேட்டோம்: "உங்கள் கடையின் ஜகாத்தை யார் கணக்கிடுகிறார்?" அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். விண்ணப்பிக்கும் இறுதி நாளுக்கு முன் மீண்டும் வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் வழங்குவானாக. ஆமீன்.