ஊர்தியின் உயரம்

பழைய மகிழுந்தைக் கண்டு நகைப்பதும், உயர்ந்து நிற்கும் புதிய ஊர்தியைக் கண்டு வாய்பிளப்பதும் நம்மவரிடையே வழக்கமாகிவிட்டன. இவ்வியப்பு அறிவின்பாற்பட்டதுதானா?

1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த மோரிஸ் மைனரின் இயந்திரக் கொள்ளளவு வெறும் 918 கன சென்டிமீட்டர். அச்சிறு வண்டிதான் மலாயாவின் செம்மண் பாதைகளிலும் ஓடியது. 2018 இல் மலேசியாவில் அறிமுகமான புரோட்டோன் எக்ஸ் 70 இன் கொள்ளளவோ 1,799. கரடுமுரடான நிலத்திற்கென எழுந்த வடிவம் அது. கூலாயில் அது ஓடுவது எங்கே? கடைத்தெருவிலும், 1994 இல் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலும்! செம்மண் காலத்தில் சிறு வண்டி. தார்ச்சாலைக் காலத்தில் மலையேறும் வண்டி. என்னே முரண்!

புதியது பாதுகாப்பானது என்பர். மறுப்பதற்கில்லை. காற்றுப்பை மைனரில் கிடையாது. பழமையைத் தொழுவோர் இதனை மறைத்தலாகாது. ஆனால் அக்காற்றுப்பை மைவி போன்ற சிறு மகிழுந்துகளிலும் இன்று உண்டே! எஞ்சிய விலை எதற்கு? பிறர் பார்வைக்கன்றோ!

இங்கு ஊர்திக் கடன் ஒன்பது ஆண்டுவரை நீள்கிறது. கடன் பெறும் நாளில் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை, அது தீரும் நாளில் இடைநிலைப்பள்ளி மாணவனாகிவிடுவான். அவன் நூலுக்கும் உயர்கல்விக்கும் சேரவேண்டிய பொருள் வாசலில் நின்று தேய்கிறது. தேவைக்கு ஊர்தி வாங்குக, தெருவுக்காக வாங்கற்க. சமுதாயம் உயர்வது பிள்ளைகளின் கல்வியால். சக்கரங்களின் உயரத்தால் அன்று.